ஐந்து விரல் ஆப்பிள்

அந்த இலையுதிர் காலத்தில் காரா-தால் ஊரின் ஆப்பிள்கள் அத்தனையிலும் ஐந்து விரல் தடம் இருந்தது. ஓங்கி அறைந்தால் கன்னத்தில் எப்படிப் பதியுமோ அப்படி, கருநீலமாக. கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் வளைந்திருந்தது. இசிக்குல் ஏரியின் தென்கரை முழுக்க அந்த வருஷம் நல்ல விளைச்சல், வாளி எண்பது சோம் பணத்துக்குப் போனது. காரா-தால் ஆப்பிளை ஐம்பதுக்குக் கேட்டார்கள். பனி தாக்கிவிட்டது என்று சந்தையில் சொல்லிச் சமாளித்தார்கள். விற்காததைத் தோல் சீவி ஜாம் காய்ச்சினால் ஜாமிலும் துண்டுக்குத் துண்டு தடம் தெரிந்தது. அதையும் தேநீரோடு தொட்டுச் சாப்பிட்டார்கள், இனிப்பில் ஒரு குறையும் இல்லை. வளைந்த கட்டைவிரல் ஊரில் ஒருவனுக்குத்தான் உண்டு, லாரி ஓட்டும் கெஞ்சபெக்குக்கு. அவனுடைய தங்கை மகள் ஐசிரெக் அவன் வீட்டில்தான் வளர்ந்தாள். அவளைப் பெற்றவள் மாஸ்கோவுக்கு ஓட்டல் தரை துடைக்கப் போய் மூன்று வருஷமாகிறது. எல்லோருக்கும் எல்லாம் தெரியும். ஆனாலும் பனி என்றுதான் பேச்சு.

இரண்டாம் வகுப்பு டீச்சர் பூருல்சாவுக்கும் தெரியும். பிள்ளை அடிபடுகிறது என்று சந்தேகம் வந்தாலே போதும், டீச்சர் மாவட்டக் குழந்தைகள் பிரிவுக்குச் சொல்லியாக வேண்டும் என்பது சட்டம். ஆனால் பிள்ளையை எங்காவது தூரமாய்க் கொண்டுபோய் விடுவார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். அவளுக்குக் குழந்தை இல்லை, புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். ஐசிரெக் தினமும் மணி அடிக்கும் முன்பே வந்து அடுப்பருகே முதுகு காட்டி உட்காருவாள், பூருல்சா அவளுக்குத் தலை பின்னிவிடுவாள். அந்த நேரத்துக்காகவே டீச்சருக்குப் பொழுது விடிந்தது. அதனால் முதலில் வீட்டில் பேசிப் பார்க்கலாம் என்று போனாள். அதுதான் தப்பு. கெஞ்சபெக்கின் பெண்டாட்டி சபீரா, அக்கா முறையில் எஜே என்று கூப்பிட்டு, வாசலிலேயே மறித்தாள்.

"எஜே, வாசலோட திரும்பினா நல்லாவா இருக்கு? ஒரு விள்ளல் ரொட்டியாவது வாயில போட்டுட்டுப் போங்க."

நீட்டிய ரொட்டியை மறுக்கிற வழக்கம் அங்கே கிடையாது; ரொட்டி தின்ற வீட்டைப் பற்றி வெளியே வாய் திறக்கிற வழக்கமும் கிடையாது. பூருல்சா பிட்டுப் போட்டுக்கொண்டாள். அந்த விள்ளல் தொண்டையில் நின்றுகொண்டது. குளிர்காலம் முழுக்க இறங்கவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. சாப்பிட்டாள், பாடம் நடத்தினாள், பாட்டுக்கூடப் பாடினாள்; குழந்தைகள் பிரிவுக்குப் போன் போட்டால் மட்டும் குரல் எழும்பவில்லை. டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, ரொட்டி இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார். நிலவறையில் கிடந்த ஆப்பிள்களிலோ புதுத் தடங்கள் விழுந்தபடி இருந்தன.

பனி உருகத் தொடங்கிய ஒரு காலையில் ஐசிரெக் டீச்சர் மேஜையில் ஓர் ஆப்பிளை வைத்தாள். அவள் உள்ளங்கை தோல் உரிந்து சிவந்திருந்தது.

"உங்களுக்குத்தான் எஜே. தடம் இல்லாததா தேடுனேன், கெடைக்கல. தேய்ச்சுத் தேய்ச்சுப் பாத்தேன், போக மாட்டேங்குது. தோலை சீவிட்டு சாப்புடுறீங்களா?"

பூருல்சாவுக்கு இருமல் வந்தது. விள்ளல் மேஜையில் வந்து விழுந்தது, காயக்கூட இல்லை. ரொட்டியை எறியக் கூடாதென்று கைக்குட்டையில் முடிந்துகொண்டு, நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போய்ப் போனை எடுத்தாள். அவர் பதறிப்போனார்.

"ஏம்மா, ஊரு என்ன பேசும்? வெக்கக்கேடு இல்லையா?"

"ஊரு ஜாம் காய்ச்சித் தின்னாச்சு சார். இனிமே பேசட்டும்."

மதியத்துக்குள் குழந்தைகள் பிரிவு ஜீப் வந்துவிட்டது. ஏறும்போது ஐசிரெக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நாளைக்கு எனக்கு யாரு எஜே பின்னி விடுவாங்க?"

பூருல்சா அவள் பின்னல் நுனியை இறுக்கி முடிந்துவிட்டாள். எங்கே கொண்டுபோகிறார்கள் என்பதைத் தகவல் கொடுத்தவளுக்குச் சொல்லக் கூடாதாம், அதுவும் சட்டம்தான். கெஞ்சபெக் சிறைக்குப் போனான், சபீரா கதவைச் சாத்திக்கொண்டாள், ஊர் பூருல்சாவைக் கல்யாணம் காட்சிக்குக் கூப்பிடுவதை விட்டது. அடுத்த இலையுதிர் காலத்தில் ஆப்பிள்கள் தடமில்லாமல் பளிச்சென்று காய்த்தன, வாளி தொண்ணூறு சோம். யாரும் அவளிடம் நன்றியென்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் வீட்டு மரத்தில் மட்டும் ஒவ்வொரு பழத்திலும் ஒரு சின்னக் கை பதிந்திருந்தது. அடித்த கை அல்ல, பொத்திப் பிடித்த கை, இளஞ்சிவப்பாக. அவள் அந்தப் பழங்களை விற்கவில்லை. ஒவ்வொன்றின் மேலும் தன் கையை வைத்துப் பார்த்தாள். ஏக்கம் தாளாத நாட்களில் ஒரு பழத்தை மடியில் வைத்துக்கொண்டு அடுப்பருகே உட்கார்ந்திருந்தாள். வருஷா வருஷம் அந்தக் கை வளர்ந்தது. முதலில் வாய் பிளந்த ஊர், பிறகு மழையை விசாரிப்பது போல, இந்த வருஷம் கை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போனது.

பூருல்சாவின் தலை நரைத்த பின் ஒரு வருஷம் அந்தக் கை அவள் கையோடு அப்படியே பொருந்தியது. ஒரு விரலில் மெல்லிய வளையத் தடம் இருந்தது. அவள் மரத்தடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். சத்தம் கேட்டு, அத்தனை வருஷம் அந்தப் பக்கமே வராத சபீரா வேலியருகே வந்து, அவள் கையிலிருந்த பழத்தை எட்டிப் பார்த்தாள்.

"என்ன எஜே, மோதிரமா?"

"ஆமாடி. பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிருச்சு."

சபீரா வேலியைத் தாண்டி உள்ளே வந்தாள். "அப்போ ஊருக்கு ரொட்டி போடணுமே. மாவு இருக்கா, எடுத்துட்டு வரவா?"

அன்று பூருல்சா வீட்டு முற்றத்தில் விரிப்பு போட்டு ரொட்டி அடுக்கினார்கள். தெரு முழுக்க வந்து ஆளுக்கொரு விள்ளல் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, மணமக்கள் நன்றாயிருக்கட்டும் என்று கையேந்தி வேண்டிவிட்டுப் போனது. ஆப்பிளை மட்டும் யாரும் கேட்கவில்லை.