மேல் வரிசை

அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். ஆஸ்பத்திரியின் சிறுநீரகக் காத்திருப்புப் பட்டியலில் ஒரே நோயாளி இரண்டு இடத்தில் இரண்டு விதமாகப் பதிவாகியிருந்தால் போதும், அவளுக்கு மூக்கில் வியர்த்துவிடும். அந்தப் பூதக்கண்ணாடிதான் நான்கு மாதத்துக்கு முன் கோட்டை விட்டிருந்தது.

அங்கே போன் எண் மாறினால் பழையதைத் திருத்த மாட்டார்கள். கண்காணிப்பாளர் எதையும் அழிக்க விடமாட்டார். கீழே புது வரிசையாகச் சேர்க்க வேண்டும். பட்டியல் வீங்கியதும் அவரே, "இரட்டிப்பெல்லாம் தூக்கிடும்மா" என்றார். கணினியில் அதற்கு ஒரு பொத்தான் உண்டு. ஒரே நோயாளி எண் இரண்டு முறை வந்தால் மேலே இருப்பதை வைத்துக்கொண்டு கீழே இருப்பதை நீக்கிவிடும். ஒரு வார வேலையை ஒரு நொடியில் முடித்தாள் என்று கைதட்டினார்கள். மேலே இருப்பதுதான் பழசு என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

இப்போது போன் எடுக்காதவர்கள் அதிகமாகவே, இரட்டிப்பைத் தூக்கும் முன் எடுத்து வைத்த பழைய பிரதியோடு பட்டியலை ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். எண் மாறுபடும் வரிசைகள் சிவப்பாகத் தெரிந்தன. மொத்தம் பதினேழு. பதினோராவது, அவள் அக்கா.

அக்கா வீடு மாறியபோது புது எண்ணைச் சேர்த்தவள் அவளேதான். தூக்கியவளும் அவளேதான்.

அழைப்புப் பதிவேட்டைத் திறக்கக் கை வரவில்லை. ஆனாலும் திறந்தாள். அக்கா பெயருக்கு நேரே, ஐந்து வாரத்துக்கு முன், ஞாயிறு காலை. சிறுநீரகம் பொருந்துகிறது. மூன்று முறை அழைத்தும் எடுக்கவில்லை. அடுத்தவருக்குக் கொடுக்கப்பட்டது.

அந்த ஞாயிறு அவள் அக்கா வீட்டில்தான் இருந்தாள். அக்கா போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் குளியலறைக்குள் எடுத்துப் போனாள். "அத்தான விட அதுமேலதான் உனக்குப் பாசம்" என்று இவள் கிண்டலடித்தாள்.

"சிரிடி, நல்லா சிரி. அவங்க கூப்பிடறப்ப நான் எடுக்காம போயிட்டா?" என்றாள் அக்கா.

கூடப் பிறந்தவள் வாயில் நானே மண்ணைப் போட்டேனே என்று நினைத்துக்கொண்டே பதினேழு எண்களையும் திருத்தினாள். திருத்திய ஒவ்வொரு எண்ணுக்கும் அலுவலகப் போனிலிருந்து ஒரு முறை அடித்துப் பார்க்க வேண்டும் என்பது புது விதி. மற்ற பதினாறு பேருக்கும் அடித்து முடித்தாள். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு வந்து, கடைசி எண்ணை அழுத்தினாள்.

முதல் மணியே முழுதாக அடிக்கவில்லை.

"ஆஸ்பத்திரியா? இருக்கேங்க, இங்கதான் இருக்கேன்! பையெல்லாம் தயாரா இருக்கு. அரை மணி நேரத்துல வந்துடறேன்!" அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "ஏங்க, வண்டிய எடுங்க! வந்துடுச்சுங்க, வந்துடுச்சு!" என்று அத்தானைக் கூவி அழைப்பதும் கேட்டது.

"அக்கா, நான்தான்."



"நீயா? நான் ஒரு பைத்தியம், ஆஸ்பத்திரி நம்பரப் பாத்ததும்..." அக்கா சிரிக்கப் பார்த்தாள். "பரவால்லடி. என்னைக்காவது வராமலா போயிடும்? ஆமா, எதுக்கு இந்த போன்லேர்ந்து கூப்பிட்ட? சொல்லு."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள், அந்த ஞாயிற்றுக்கிழமை உட்பட.