சுகிர்தாவின் படம் போட்ட காலண்டர்

மளிகைக் கடைச் சுவரில் தன் முகத்தைக் கண்டதும் சுகிர்தா வாங்க வந்ததை மறந்து நின்றுவிட்டாள்.

பளபளவென்று புதுக் காலண்டர். கழுத்திலிருந்து காதுவரை தழும்பேறிய அவள் முகம் அதில் சிரித்துக்கொண்டிருந்தது. கீழே கொட்டை எழுத்தில் ‘வீழ்ந்தாலும் எழுவோம்’. அதற்கும் கீழே, அவள் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியின் பெயர்.

“ஒம் படந்தான் தாயி,” என்றார் கடைக்காரர் ஆண்டிச்சாமி. “பாக்குறவுகளுக்கு ஒரு தெம்பா இருக்குல்ல?”

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மதுரை பெரியாஸ்பத்திரியின் தீக்காய வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய அன்று, போர்மேன் அன்பரசன் செல்போனோடு வந்து எடுத்த படம் அது. நிவாரணத்துக்கு எழுதிப்போட வேண்டும், கொஞ்சம் சிரி என்றான். நிவாரணத்துக்கு எதற்குச் சிரிப்பு என்று கேட்க அன்றைக்கு அவளுக்குத் திராணியில்லை. சிரித்தாள்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் கரிசல் காட்டுக்கு நடுவே இருந்தது அந்தக் கம்பெனி. ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது சட்டம். தீபாவளி சீசனில் ஆர்டர் குவிந்ததும் ஒன்பது பேரை உட்கார வைத்தார்கள். பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்தும்போது உராய்ந்து தீப்பிடித்தது. வாசலோரம் இருந்த சுகிர்தா வெளியே போய் விழுந்தாள். மூலையில் இருந்த மூக்கம்மாளால் அந்த நெரிசலைத் தாண்டி வர முடியவில்லை. அவளோடு இன்னும் மூன்று பேர் போனார்கள்.

சுகிர்தாவின் வலது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஆபரேஷன் செய்து பிரித்த பிறகு, அவற்றை மடக்கி நீட்டப் பழக்கிய நர்ஸ் ஷைலாவை வலி பொறுக்காமல் வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறாள். “நல்லா ஏசு. ஆனா வெரலை நீட்டு,” என்பாள் ஷைலா. பார்க்க வந்தவர்களோ, எல்லாம் விதி, மனசைத் தேற்றிக்கொள் என்றார்கள். விதியா வந்து ஒன்பது பேரை உள்ளே உட்கார வைத்தது? அதை நினைக்கும்போதெல்லாம் ஆத்திரம் பொங்கும். அந்த ஆத்திரத்திலேயே இன்னொரு தடவை விரலை மடக்குவாள். அப்படித்தான் கரண்டி பிடித்தாள், தலை பின்னினாள், எழுந்து நடமாடினாள்.

அத்தனையையும் தூக்கிக் கம்பெனி தன் பெயருக்கு மேலே மாட்டிக்கொண்டதே!

சுவரிலிருந்து காலண்டரைக் கழற்றிக்கொண்டு, கணவன் செல்வக்குமாரின் வேனிலேயே சிவகாசி ஆபீசுக்குப் போனாள். அதே கம்பெனிக்கு ஆள் ஏற்றுகிற வேன்தான் அது. அந்தப் பிழைப்பு போய்விடக் கூடாதென்றுதான் அந்த விபத்துக்காகக் கோர்ட்டில் நடக்கும் வழக்கில் சாட்சி சொல்லாமல் இதுவரை ஒதுங்கியிருந்தாள்.

முதலாளி ஸ்ரீராம்குமார் எழுந்து வரவேற்றார். “வாங்கம்மா. காலண்டர் பாத்தீகளா? ஊரே பாராட்டுது. ஒங்களப் பாத்து நாலு பேரு மனசு விடாம இருக்கட்டும்னுதான்...”

“அந்த நாலு பேர மட்டும் ரூம்புல உக்கார வச்சிருந்தீகன்னா, எனக்கு இந்த மொகமே வந்திருக்காதே மொதலாளி!”

அவர் முகம் சுண்டியது.

“வீழ்ந்தாலும்னு போட்டிருக்கீக. நாங்களா விழுந்தோம்? மூக்கம்மா அக்கா எந்திரிக்கவே இல்லையே, அவுக படத்த எங்கன போடப் போறீக?”

“கேஸ் நடக்கையில இப்படிப் பேசலாமா? மனசுல நம்பிக்கை வேணும்மா. கோவம் ஆகாது.”

“கோவம் வரலன்னா நான் இன்னும் ஆஸ்பத்திரிக் கட்டில்லதான் கெடப்பேன்.”

அவர் செல்வக்குமார் பக்கம் திரும்பினார். “நீயாவது எடுத்துச் சொல்லுப்பா. நாளைக்கு ஓட்டம் வேணாமா?”

செல்வக்குமார் வேன் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டான். “வேற லோடு பாத்துக்கிடுதேன் மொதலாளி,” என்றான். சொல்லிவிட்டு மனைவியைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டான்.

அடுத்த வாய்தாவில் சுகிர்தா கூண்டேறினாள். ஒன்பது பேரின் பெயரையும் சொன்னாள். உட்கார வைத்தது யார் என்பதையும் சொன்னாள். எதிர்த்தரப்பு வக்கீல் காலண்டரைத் தூக்கிக் காட்டி, “கம்பெனி மேல வருத்தம்னா இப்படிச் சிரிப்பீகளா?” என்று கேட்டார்.

“சிரிக்கச் சொன்னாக, சிரிச்சேன். ரூம்ப விட்டு வெளிய ஓடுன்னு சொல்லத்தான் அன்னைக்கு ஒருத்தரும் இல்ல,” என்றாள்.

வழக்கு இன்னும் முடியவில்லை. காலண்டரை மட்டும் கம்பெனி கடை கடையாகப் போய்த் திரும்ப வாங்கிக்கொண்டது. செல்வக்குமார் ஆலங்குளத்திலிருந்து சிமெண்டு லோடு அடிக்கிறான். முன்னைப்போலத் தினமும் ஓட்டம் கிடைப்பதில்லை. சுகிர்தா விஸ்வநத்தம் ரோட்டில் இட்லிக் கடை போட்டிருக்கிறாள். பட்டாசு வேலைக்குப் போகிற பெண்கள் வேனை நிறுத்திச் சாப்பிடுகிறார்கள்.

“நேத்து அஞ்சாவது ஆள உள்ள அனுப்பப் பாத்தாக அக்கா,” என்றாள் ஒருத்தி. “நாங்க அம்புட்டுப் பேரும் எந்திரிச்சு வெளிய வந்துட்டோம்.”

“திட்டுனாகளா?”

“திட்டாம? திட்டிட்டு அவளக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாக.”

சுகிர்தா இன்னும் ரெண்டு இட்லியை அவள் தட்டில் வைத்தாள்.