நாற்பது லட்சம் பேர் கேட்ட அலறல்

கொட்டாஞ்சேனையில் கொன்ஸ்ரன்ஸின் தொண்டையை அறியாதவர் இல்லை. மாடியில் நின்று கணவன் டெரிக்கைக் கூப்பிட்டால் சந்தியில் நிற்கும் திரீவீல்காரரும் திரும்பிப் பார்ப்பார்கள். அன்று காலை அந்தத் தொண்டையில் சத்தமே வரவில்லை.

மகள் சாமினி, போர் நடக்கும் நாட்டில் ஒரு முதியவரைப் பராமரிக்கப் போனவள். விடிந்ததிலிருந்து அவளுடைய போன் வேலை செய்யவில்லை. அந்த நேரம் பார்த்து எந்தப் புண்ணியவானோ மாதா கோயில் வட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோவைத் தட்டிவிட்டிருந்தான். "நேற்றிரவு ஏவுகணைத் தாக்குதல்" என்று எழுதி, சாமினி இருக்கும் ஊரின் பெயரும் போட்டிருந்தது. நாற்பது லட்சம் பேர் பார்த்தாயிற்று.

வானத்தில் நெருப்பு சீறியது. ஒரு மாடியில் தீப்பிடித்தது. ஒரு பெண் வீரிட்டு அலறினாள். அதோடு சரி, வீடியோ முடிந்தது.

கொன்ஸ்ரன்ஸ் அழுது அழுது அதையே பார்த்தாள். பத்தாவது தடவை, தீக்குப் பக்கத்தில் உடுப்புக் கொடியில் தொங்கிய நீலச் சாரம் கண்ணில் பட்டது. அதில் ஒரு சிவப்பு ஒட்டு. அவள் கையால் தைத்த ஒட்டு!

"இஞ்ச வாங்க! இது உங்கட சாரமெல்லோ?"

டெரிக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "ஓம்! போன திருநாளுக்கு வாணம் விழுந்து எங்கட பெட்ஷீற் எரிஞ்சதே. நான் எடுத்து பேஸ்புக்கில போட்ட வீடியோ இது."

"அப்ப கத்திறது?"

"வேற ஆர்? நீதான்."

கொன்ஸ்ரன்ஸ் வீடியோவை இன்னொரு தடவை ஓடவிட்டாள். அம்மாடி! ஒரு பெட்ஷீற்றுக்காகப் போட்ட சத்தம் கடல் தாண்டிப் போய், ஊர் உலகத்தை அழவைத்து, கடைசியில் அவளையும் அழவைத்துவிட்டதே. "இது எங்கட வீடு, திருநாள் வாணம்" என்று வீடியோவுக்குக் கீழே எழுதினாள். வந்தது பார் மறுமொழி! எதிரியின் ஆளாம். செத்தவர்களைக் கேலி செய்கிறாளாம். அவள் வீட்டு மாடியை அவளுக்கே தெரியாதாமே!

பத்தரைக்குச் சாமினியே போனில் கூப்பிட்டாள்.

"மம்மி, சைரன் அடிச்சது. இவ்வளவு நேரமும் பங்கருக்குள்ள, சிக்னல் இல்ல. எனக்கு ஒண்டுமில்ல."

"மாதாவே!" கொன்ஸ்ரன்ஸ் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஒருத்தி போன்ல ஒரு வீடியோ வச்சிருந்தா. வீடு எரிய ஒரு பொம்பிளை அலறுறா, மம்மி. நாங்க எல்லாரும் முழங்கால்ல நிண்டு அவவுக்குச் செபமாலை சொன்னம். உயிரோட இருக்கிறாவோ தெரியா."

இருபத்தாறு வருடம் இந்தத் தொண்டையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை! கொன்ஸ்ரன்ஸுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

"இருக்கிறா, மகள்," என்றாள். "அது நான்தான்."