ஸிக்ஸ்டன் வீட்டுக் கொம்புகள்

புதிதாக ரைஃபிள் வாங்குகிறவர்களுக்கு ஸிக்ஸ்டன் சொல்லும் யோசனைகள் எல்லாமே சரியானவை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஆள் ஒரு யோசனையாவது தப்பாகச் சொல்லியிருந்தால் நான் இன்று உருளைக்கிழங்கைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்காது.

ஸிக்ஸ்டன் வனத்துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மூஸ் என்ற ராட்சத மானை வேட்டையாடும் எங்கள் ஊர்க் குழுவின் தலைவர். நாங்கள் வேட்டையாடும் காட்டில் பாதி அவருடையது. மீதிப் பாதியும் தன்னுடையது என்பதுபோல நடப்பார். ஏப்ரல் மாதம் பனி உருகிச் சேறாகும்போது, சர்ச் மண்டபத்தில் திரை கட்டி, கையில் குச்சியோடு ‘மனிதனும் ரைஃபிளும்’ என்று பேசுவார். போன வசந்தத்தில் அதைக் கேட்க வந்தவர்கள் நான், லவங்கப்பட்டை ரொட்டிக்காக வந்த இரண்டு பேர், பாட்டுக் குழுவின் ஒத்திகை என்று நினைத்து வந்து, வெளியே போகக் கூச்சப்பட்டு உட்கார்ந்துவிட்ட ஒரு அம்மா. ஸிக்ஸ்டன் எங்களைப் பார்த்து “நண்பர்களே” என்று தொடங்கிய தோரணைக்கு ஸ்டாக்ஹோமில் ஒரு அரங்கமே எழுந்து நின்றிருக்கும்.

தன் யோசனைகளை அவர் சட்டங்கள் என்பார். கடைக்குப் போனதும் கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் ஏற்று, கன்னத்தைக் கட்டையில் வை, பிறகு கண்ணைத் திற. தொலைநோக்கிக்குள் வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிந்தால் அது உன் துப்பாக்கி, ஒரு ஓரம் இருட்டாக இருந்தால் அது கடைக்காரனின் துப்பாக்கி. பெரிய தோட்டாவுக்கு ஆசைப்படாதே. தோள் பயந்துவிட்டால் விரல் விசையை இழுக்காது, வெடுக்கென்று பிடுங்கும். எங்கள் பாட்டன்மார் ஆறரை மில்லிமீட்டரில் மூஸை வீழ்த்தினார்கள், உனக்கும் அது போதும். தொலைநோக்கியில் கஞ்சத்தனம் வேண்டாம்; ஆனால் அடர்ந்த காட்டில் நிற்கிறவனுக்கு நிலாவில் பள்ளம் எண்ணுகிற உருப்பெருக்கமும் வேண்டாம். விலங்குக்குப் பின்னால் மண்மேடு இல்லையென்றால் விசையைத் தொடாதே. எந்தத் தோட்டாவை வைத்துக் குறி சரிபார்த்தாயோ, அதே தோட்டாவோடு காட்டுக்குப் போ. நடுவில் மாற்றாதே.

கடைசிச் சட்டத்தைச் சொல்லும்போது குச்சியால் திரையை இரண்டு முறை தட்டினார். நான் தலையாட்டினேன்.

நான் அந்த மண்டபத்துக்குப் போனதற்குக் காரணம் என் கணவர் டாகே. கல்யாணமான நாளிலிருந்து செப்டம்பர் வந்தால் அவர் காட்டுக்குப் போவார், நான் இறைச்சி அடுக்க ஃப்ரீசரைக் காலி செய்து வைப்பேன். எங்கள் ஊரின் ஒரே பல் மருத்துவர் நான். குழுவில் ஒருவர் விடாமல் எல்லோரும் என் முன்னால் வாயைத் திறந்திருக்கிறார்கள். அவர்கள் காட்டில் என்ன செய்கிறார்கள் என்பதற்கு மட்டும் ஒருத்தரும் வாயைத் திறந்ததில்லை. அப்படியிருக்க, மார்ச் மாதம் ஒரு நாள் காபி குடித்துக்கொண்டே டாகே, “நீயும் வாயேன், யோர்டிஸ். ரெண்டு பேரும் ஒரே காட்டுல நிக்கலாம்” என்றார். ஐம்பத்திரண்டு வயதில் புருஷன் காட்டுக்குக் கூப்பிடுகிறான். அன்று முழுக்க முகக்கவசத்துக்குள் நான் சிரித்துக்கொண்டிருந்தது நோயாளிகளுக்குத் தெரியாது.

தேர்வு எழுதினேன். போலீஸ் உரிமம் வந்தது. கண்ணை மூடி, கன்னத்தை வைத்து, வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிந்த துப்பாக்கியை வாங்கினேன். தோட்டா விஷயத்தில் மட்டும் என் புத்தியைக் கேட்டேன். ஸிக்ஸ்டனும் மற்றவர்களும் ஈயக் குண்டுக்காரர்கள்; அவர் தன் வீட்டுக் கொட்டகையில் தானே தோட்டா தயாரித்துக் குழுவுக்கே கொடுப்பார். நான் வாழ்நாளெல்லாம் ஜனங்களின் வாயில் உலோகம் அடைத்தவள். சாப்பிடுகிற கறியிலும் ஈயம் வேண்டாம் என்று செப்புக் குண்டு வாங்கினேன். அதற்கே குறியைச் சரிபார்த்து, கோடை முழுக்கப் பயிற்சித் திடலில் தண்டவாளத்தில் ஓடும் ஒட்டுப்பலகை மூஸைச் சுட்டேன். வேட்டை நாய் வைத்திருக்கும் யெர்கர் பின்னால் நின்று, “வலிக்காம இழுங்க டாக்டர். ஊசி போடறப்ப சொல்வீங்களே, அந்த மாதிரி” என்பான். ஆகஸ்டில் பலகை மூஸின் விலாவில் என் குண்டுகள் ஒரு காபித் தட்டுக்குள் அடங்கின.

குழுவின் வழக்கம் இது: புதிதாகச் சேர்ந்தவருக்கு, விலங்குக்காக ஏறி உட்கார்ந்து காத்திருக்கும் பரண் சொந்தமாகக் கிடையாது. எங்கே உட்காரச் சொல்கிறார்களோ அங்கே உட்கார வேண்டும், பாத்திரம் கழுவ வேண்டும். கொம்புள்ள ஆண் மூஸ் ஒன்றை வீழ்த்திய நாளில் அவர் முழு உறுப்பினர். ஒரு பரண் அவர் பெயருக்கு வரும், கொம்பும் அவருக்கே. கறி எப்படியும் எல்லோருக்கும் சமம். எனக்கு அந்தப் பரண் வேண்டும். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். மனைவியாகவோ பல் டாக்டராகவோ இல்லாமல், என் கையால் சம்பாதித்த ஒரு இடம் அந்தக் காட்டில் எனக்கு வேண்டும்.

வேட்டை தொடங்கிய காலையில் ஸிக்ஸ்டன் எல்லோர் முன்னிலையிலும் என் கையில் ஒரு தோட்டாப் பெட்டியை வைத்தார். “ஒரே குடும்பம், ஒரே தோட்டா” என்றார். யெர்கர் தன் பூட்ஸைப் பார்த்தான். டாகே காபி ஊற்றப் போனார். நான் நன்றி சொல்லிப் பெட்டியைச் சட்டைப் பையில் போட்டேன். ஆனால் துப்பாக்கியில் இருந்ததை மாற்றவில்லை. குச்சியால் இரண்டு முறை தட்டிச் சொன்ன சட்டமல்லவா.

என்னைச் சதுப்பின் ஓரத்தில், யாரும் எதையும் பார்த்திராத ஒரு பரணில் ஏற்றினார்கள். அடுத்த பரண் ஸிக்ஸ்டனுடையது, ஊசியிலை மரங்களுக்கு அந்தப் பக்கம். யெர்கரின் நாய் தூரத்தில் குரைத்தது, நிறுத்தியது, மறுபடியும் குரைத்தது. பிறகு சத்தமே இல்லாமல் அது வந்தது. அவ்வளவு பெரிய விலங்கு அவ்வளவு அமைதியாக வரும் என்று எந்தச் சட்டமும் எனக்குச் சொல்லவில்லை. சதுப்பில் நின்று இடது விலாவைக் காட்டியது. பின்னால் மண்மேடு. மூச்சைப் பாதி விட்டேன். வலிக்காமல் இழுத்தேன்.

மூஸ் முதுகை வளைத்தது, தலையைத் தொங்கப்போட்டு மரங்களுக்குள் நடந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் இன்னொரு வெடி. வாக்கி-டாக்கியில் ஸிக்ஸ்டன் குரல்: “விழுந்துட்டுது. என்னோடது.”

ஓடிப் போய்ப் பார்த்தேன். உடம்பில் இருந்தது ஒரே ஓட்டை, இடது விலாவில், முன்னங்காலுக்குப் பின்னால். மறுபக்கம் எதுவும் இல்லை. நான் சுட்ட பக்கம் இதுதான் என்றேன். என் வெடிச் சத்தத்தில் விலங்கு திரும்பி ஓடி வந்தது, தான் சுட்டபோது அதன் இடது பக்கம் தன்னைப் பார்த்து இருந்தது என்று ஸிக்ஸ்டன் பொறுமையாக விளக்கினார். “முதல் தடவை எல்லாருக்கும் கை நடுங்கும், யோர்டிஸ். எனக்கே நடுங்கியிருக்கு” என்றார். அவருக்கே நடுங்கியிருக்கிறதாம்.

நான் சண்டை போடவில்லை. குண்டு வெளியே வரவில்லை, உள்ளேதான் இருக்கிறது. ஈயமா செம்பா என்று அது சொல்லிவிடும். தோலுரிப்பது டாகேயின் வேலை. காதோரம் போய், “நான் அவரு தோட்டாவைப் போடல. என்னோடது செம்பு. பார்த்து எடு” என்றேன். டாகே கத்தியை எடுத்தார். “சரி” என்றார். என்னை டிராக்டர் கொண்டுவர அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது.

“கிடைக்கல” என்றார் டாகே, கத்தியைத் துடைத்துக்கொண்டே. “குடலோட போயிருக்கும். இனிமே அண்டங்காக்கைக்குத்தான் வெளிச்சம்.”

நம்பினேன். என் துரதிர்ஷ்டம் என்று நினைத்தேன். அன்று மாலை டாகேயே சூப் வைத்துக் கொடுத்து, முதுகைத் தடவி, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வேட்டைத் துணிகளைத் துவைக்கப் போட்டேன். இயந்திரத்துக்குள் ஏதோ கணகணவென்று சுற்றியது. நிறுத்தி, கையை விட்டுத் துழாவினேன். டாகேயின் கால்சட்டைப் பையிலிருந்து விழுந்தது: ஒரு செப்புக் குண்டு, முனை பிளந்து இதழ் இதழாக மடங்கி, நன்றாகவே வெளுத்துச் சுத்தமாக இருந்தது.

அடுப்படியில் டாகே உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். குண்டை மேசைமேல் வைத்தேன். பார்த்தார். சீவுவதை நிறுத்தவில்லை.

“எங்க இருந்துது?”

“வலது பக்கம். தோலுக்கு அடியில.”

“அப்பவே தெரியுமா?”

“பார்த்ததும் தெரிஞ்சுது.” ஒரு கிழங்கைத் தண்ணீரில் போட்டார். “ஸிக்ஸ்டன் வீட்டுச் சுவர் ஞாபகம் இருக்கா? இடது கொம்பு உள்பக்கமா வளைஞ்சிருக்கும், கதவுக்கு நேரா. அது என்னோடது.”

எனக்குப் புரியவில்லை.

“நான் சுட்டது. நான் சேர்ந்த வருஷம். அது பக்கத்துல இருக்கறது யெர்கரோடது. மேல இருக்கற பெருசு யெர்கரோட அப்பாவோடது. அந்த ஆளுக்குக் குறி வராது யோர்டிஸ், எப்பவுமே வந்ததில்ல. காடு அவரோடது, அவ்வளவுதான். புதுசா வர்றவங்க மொதல்ல ஒண்ணைக் குடுத்துடுவாங்க. அப்புறம் அவரு யாரையும் தொந்தரவு பண்றதில்ல.”

ஒவ்வொரு அக்டோபரிலும் ஸிக்ஸ்டன் வீட்டு விருந்தில் கதவோரம், காற்று உள்ளே அடிக்கிற அந்த நாற்காலிதான் வேண்டும் என்று டாகே போய் உட்காருவார். கழுத்து பிடித்துக்கொள்ளும், உள்ளே வந்து உட்கார் என்று வருஷாவருஷம் சொல்லியிருக்கிறேன். இங்கேதான் வசதி என்பார்.

“ஏன் எனக்குச் சொல்லல?”

“சொல்லியிருந்தா நீ துப்பாக்கி வாங்கியிருப்பியா?”

அப்போதுதான் மார்ச் மாதத்துக் காபி என் நினைவுக்கு வந்தது. நாலைந்து வருஷமாகக் குழுவில் புதிதாக யாரும் சேரவில்லை. சுவரில் புதிய கொம்பும் இல்லை.

“டாகே. என்னை வரச் சொன்னது நீயா, ஸிக்ஸ்டனா?”

தோல் ஒரே சுருளாக, அறுபடாமல் இறங்கியது. அதை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாலாம் பரண் உனக்கு” என்றார் கடைசியில். “விருந்துல அறிவிப்பாரு. பேசி முடிச்சாச்சு.”

விருந்துக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம், ஆனால் துப்பாக்கி வாங்கிய ஒருத்தி எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றுதான் ஆகவேண்டும். என் கொம்பு சுவரின் நடுவில், பித்தளைத் தகட்டில் ஸிக்ஸ்டன் பெயரோடு, வார்னிஷ் வாசனையோடு இருந்தது. அதற்கு நேர் எதிரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. டாகே அதை எனக்காக இழுத்துப் போட்டார். மேசையைச் சுற்றிப் பார்த்தேன். யெர்கர் தன் கொம்புக்கு எதிரே. டாகே கதவோரம். எல்லோரும் அவரவர் மூஸை அவரவர் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிற மாதிரிதான் அந்த வீட்டில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். இத்தனை வருஷம் நான்தான் கவனிக்கவில்லை.

மூஸ் குழம்பு வந்தது. லிங்கன்பெர்ரிப் பழ ஜாம், வேகவைத்த உருளைக்கிழங்கு, சாராயக் குப்பி. ஸிக்ஸ்டன் எழுந்து, பெல்ட்டில் கட்டைவிரலை மாட்டிக்கொண்டு, சதுப்பின் கதையைச் சொன்னார். காற்று எந்தப் பக்கம் அடித்தது, மண்மேடு எங்கே இருந்தது, மூச்சை எப்படிப் பாதி விட்டார். நன்றாகவே சொன்னார், நான் டாகேயிடம் சொன்னதை டாகே ஒரு வார்த்தை விடாமல் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். பிறகு என் பக்கம் கோப்பையை உயர்த்தி, குழுவில் ஒரு பெண்ணின் வரவால் மகிழ்ச்சி என்றும், நாலாம் பரண் இனி யோர்டிஸுடையது என்றும் அறிவித்தார். எல்லோரும் கோப்பையைத் தூக்கினார்கள்.

நான் எழுந்து போய் அந்தச் செப்புக் குண்டை அவர் தட்டில், குழம்புக்கும் கிழங்குக்கும் நடுவில் வைத்தேன்.

“உங்க கதைலேர்ந்து இது கீழ விழுந்துடுச்சு ஸிக்ஸ்டன். பார்த்துச் சாப்பிடுங்க, பல்லுல மாட்டிக்கும். செவ்வாக்கிழமை வரைக்கும் கிளினிக்ல எனக்கு நேரமும் இல்ல.”

யெர்கர் வாயைத் திறந்தான். ஒரு நொடி அவன் பேசிவிடுவான் என்று நினைத்தேன். ரொட்டியைத் திணித்துக்கொண்டான். நான் கதவோரம் பார்த்தேன். டாகே ஒரு வார்த்தை சொன்னால் போதும். ‘என்னோடது அந்த வளைஞ்சது’ என்றுகூட வேண்டாம். ‘அது செம்பு’ என்று சொன்னால் போதும்.

ஸிக்ஸ்டன் முள்கரண்டியால் குண்டை நகர்த்தி, எலும்பை ஒதுக்குவதுபோலத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார். நாப்கினால் வாயைத் துடைத்தார்.

“உருளைக்கிழங்கு கொஞ்சம் இந்தப் பக்கம் வரட்டும்” என்றார்.

டாகே எழுந்து, பாத்திரத்தை இரண்டு கையாலும் தூக்கி, என்னைச் சுற்றிக்கொண்டு போய்ப் பரிமாறினார்.