மூன்று நாள் அரிசி

ஹுவே நகரத்தில் ஒருநாள் சுற்றுலா காலை எட்டு மணிக்கு ஆரம்பித்து மாலை ஐந்தரைக்கு முடியும். அதற்குள் பதின்மூன்று ராஜாக்கள் முடிசூடி, கவிதை எழுதி, நூற்றுக்கணக்கில் பெண்டாட்டி கட்டி, செத்தும் போய்விடுவார்கள். கியெம் இருபத்தாறு வருடமாக இவர்களைக் கொன்றுதான் சோறு தின்கிறான். எந்த வாசலில் என்ன சிரிப்பு மூட்ட வேண்டும், எந்தப் படியில் பயணிகளுக்கு மூச்சு வாங்கும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் பேச்சைச் சுருக்கிக்கொள்வான். கோட்டைச் சுவரில் தோட்டா துளைத்த குழிகள் இருக்கும் இடம் அது. "போர்ல சேதமாச்சு, இப்போ பழுது பார்க்கிறாங்க" என்று சொல்லிவிட்டு, குடையை உயர்த்திப் பிடித்தபடி அடுத்த வாசலுக்கு நடந்துவிடுவான். ஊரில் எல்லா வழிகாட்டிகளும் அப்படித்தான். போர் ஊருக்குள் வந்த அந்த ஒரு வருடத்தைப் பற்றி வெளியாளிடம் யாரும் வாய் திறப்பதில்லை. வீட்டுக்குள்ளும் திறப்பதில்லை என்பதுதான் கொடுமை.

அந்த வருடம் புத்தாண்டின் ஆறாம் நாள் கியெமின் அப்பா வீட்டை விட்டுப் போனார். கியெமுக்கு அப்போது எட்டு மாதம். அரசாங்கப் படையை விரட்டிவிட்டு ஊரைப் பிடித்திருந்தவர்கள் தெருத்தெருவாக ஆள் அனுப்பி, அரசாங்கச் சம்பளம் வாங்கியவர்கள் எல்லாம் அரசியல் பாடம் கேட்க வரவேண்டும், கையில் மூன்று நாளைக்கு அரிசி கொண்டுவரவேண்டும் என்று சொன்னார்கள். அப்பா தபால் ஆபீஸில் முத்திரை குத்துகிற குமாஸ்தா. அரிசியைத் துணியில் முடிந்துகொண்டு போனார். ஐம்பத்தேழு வருடமாகியும் ஆளும் வரவில்லை, எலும்பும் வரவில்லை. செத்த நாள் தெரியாதவர்களுக்குக் கிளம்பிப் போன நாளிலேயே திதி கொடுப்பது இந்த ஊர் வழக்கம். ஒரே வாரத்தில் தெருவுக்குப் பத்து வீட்டில் திதி விழும்.

அம்மாவுக்கு எண்பத்தொன்று ஆகிறது. குன்றுப் பக்கம் இரண்டு கல்லறைக்கு இடம் வாங்கி வைத்திருக்கிறாள். ஒன்றில் அப்பாவின் சட்டை ஒன்றைப் புதைத்து மேடு கட்டியிருக்கிறது. மற்றது அவளுக்கு. போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவள், மூன்று நாள் முன்பு திதிச் சாப்பாட்டின்போது கியெமின் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் எலும்பில் ஒரு துண்டாவது பக்கத்தில் இல்லாமல் தன்னை அங்கே படுக்க வைக்கக் கூடாது என்று சத்தியம் கேட்டாள். எங்கே போய்த் தேடுவது என்று தெரியாமலே அவன் சத்தியம் செய்துவிட்டான். அன்றிலிருந்து அவனுக்குச் சரியாகத் தூக்கமில்லை.

இன்று ஒன்பதாம் நாள். தூறலும் குளிருமாக ஊரே ஊறிப்போயிருந்தது. ஒரே ஒரு பயணிதான். ஹோவான் என்று பெயர் கொடுத்திருந்தார், வயது எழுபத்தாறு, தெற்கே காப்பித் தோட்டம் இருக்கும் மலையூரிலிருந்து வருகிறார். இந்தத் தேதிதான் வேண்டும், கியெம்தான் வழிகாட்டியாக வரவேண்டும் என்று கேட்டு வாங்கியிருந்தார்.

"உன் அழகுல மயங்கிட்டாரு போல" என்றான் டிரைவர் பாவ். "எனக்கென்னவோ வட்டிக்கு விட்டவன் மாதிரி தெரியுது. நீ யார்கிட்டயாவது கை நீட்டியிருக்கியா?"

பெரியவர் ஹோட்டல் வாசலில் குடை இல்லாமல் நின்றிருந்தார். ஒடிசலான உடம்பு, மார்போடு இறுக்கிப் பிடித்த ஒரு துணிப்பை. கியெம் வழக்கம்போல, வாங்க பெரியப்பா, நனையாதீங்க என்று கையைப் பிடிக்கப் போனான். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"என்னைப் பெரியப்பான்னு கூப்பிடாதே. சார்னு சொல்லு, போதும்."

இந்த ஊரில் அந்த வயது ஆளைப் பெரியப்பா என்று கூப்பிடாவிட்டால்தான் கோபித்துக்கொள்வார்கள். கியெமுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. கிழத்துக்குக் குளிர் தலைக்கேறிவிட்டது என்று பாவ் முணுமுணுத்தான்.

அரண்மனையில் அவர் எதையும் பார்க்கவில்லை. சிம்மாசன மண்டபத்தில் கியெம் தங்கப்பூச்சுத் தூண்களைக் காட்டினால், அவர் கியெமின் காதைப் பார்த்தார். அவன் நடந்தால் பின்தங்கி நின்று நடையைப் பார்த்தார். முதுகில் அந்தப் பார்வை ஊர்வது கியெமுக்குத் தெரிந்தது. சொல்ல வேண்டிய நகைச்சுவைகளில் இரண்டை மறந்தே போனான். கோட்டைச் சுவருக்கு வந்து வழக்கமான வாக்கியத்தைச் சொல்லிக் குடையை உயர்த்தியபோது, பெரியவர் நகரவில்லை. குழி ஒன்றில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, இதற்குமேல் இங்கே எதுவும் சொல்லமாட்டாயா என்று கேட்டார். இல்லை என்றான். நல்லது என்றார்.

மதியம் ஆற்றுச்சிப்பிச் சோற்றுக்கடையில் உட்கார்ந்தார்கள். பெரியவர் மூன்று பேருக்கு நான்கு கிண்ணம் கேட்டார். நான்காவதைத் தனக்கு எதிரில் காலி நாற்காலியின் முன் வைத்து, அதன்மேல் சாப்பிடும் குச்சிகளைப் பக்குவமாகச் சாய்த்து வைத்தார். செத்தவருக்குப் படைக்கிற வைப்பு அது. சிப்பியைக் குச்சியில் அள்ளியிருந்த பாவ், அதை அப்படியே கிண்ணத்தில் போட்டுவிட்டு, சிகரெட் பிடிக்கவேண்டும் என்று சொல்லி வெளியே போனான். அவன் சிகரெட்டை விட்டு ஆறு வருடமாகிறது.

"உங்க வீட்டுல என்னைக்குத் திதி கொடுக்கறீங்க?" என்று பெரியவர் கேட்டார்.

யாருக்கு என்று கியெம் கேட்டான்.

"லாமுக்கு."

அப்பாவின் பெயர். பிள்ளைகள் வாயால் சொல்லக்கூடாத பெயர் என்பதால் கியெம் தன் வாழ்நாளில் அதை உரக்கச் சொன்னதே இல்லை. வீட்டில் யாரும் சொல்வதில்லை. சாமி மாடத்தில் ஒரு அட்டையில் எழுதி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அதை ஒரு வேற்றாள் சிப்பிச் சோற்றுக்கு எதிரில் சாதாரணமாகச் சொன்னது, முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

ஆறாம் நாள், மூன்று நாள் முன்னால் முடிந்தது என்று எப்படியோ சொன்னான். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். "அப்போ அவரு உயிரோட இருந்த நாள்ல படைச்சுட்டு இருந்திருக்கீங்க" என்றார். "ஆறாம் நாள் அவரு உயிரோட இருந்தாரு. ஏழு, எட்டும் இருந்தாரு. இந்த ஒன்பதாம் நாள்தான் போனாரு."

இருக்கிற ஆளுக்குப் பிண்டச் சோறு வைப்பது சாபம் போடுவதற்குச் சமம் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். ஐம்பத்தேழு தடவை வைத்திருக்கிறார்கள். நீங்க யார், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கியெம் கேட்டான். அங்கே இருந்தேன் என்று மட்டும் அவர் சொன்னார். சுற்றுலா நிறுவனத்தின் விளம்பரத் தாளில் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மூன்று வாரம் சரியாகச் சாப்பிடவில்லையாம். காதும் தாடையும் அப்படியே அப்பாவின் அச்சாம். அப்பா எங்கே இருக்கிறார் என்று கியெம் கேட்டான். காட்டுகிறேன், ஆனால் முதலில் ஆற்றங்கரைப் பள்ளிக்கூடம் என்றார் பெரியவர். அவன் பயந்தான். பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது. அம்மாவுக்குச் செய்த சத்தியம் இன்றே நிறைவேறிவிடும் என்று தோன்றியபோது, இந்த ஆள் யாராக இருந்தால் என்ன என்றுகூட நினைத்தான்.

பள்ளிக்கூடத்துக்குப் புத்தாண்டு விடுமுறை. இரும்புக் கதவு பூட்டியிருந்தது. பெரியவர் வண்டியிலிருந்து இறங்கி, கதவின் இடப்பக்கம் போய்ச் சுவரோடு முதுகை ஒட்டி நின்றார். கால்களைச் சேர்த்து, கைகளை மார்புக்கு முன்னால் கொண்டுவந்து, எதையோ பிடித்திருப்பவரைப் போல நின்றார். எதைப் பிடித்திருந்தார் என்பது கியெமுக்குச் சட்டென்று புரிந்தது.

"பாடம் கேட்க வந்தவங்களை இதுக்குள்ளதான் அடைச்சு வச்சிருந்தாங்க. எனக்குப் பத்தொன்பது வயசு. துப்பாக்கியைக் கையில கொடுத்து, இங்கே நில்லுன்னாங்க. நின்னேன்" என்றார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "ஒன்பதாம் நாள் காலைல உங்கம்மா வந்தாங்க. மூணு நாள் முடிஞ்சு போச்சே, அரிசி தீர்ந்திருக்குமேன்னு இன்னொரு முடிச்சு எடுத்துட்டு வந்தாங்க. இடுப்புல நீ இருந்தே. பேரைச் சொல்லி, குடுத்துடுப்பான்னாங்க. அவரைத் தூரமா கூட்டிட்டுப் போயிட்டாங்க, நீங்க வீட்டுக்குப் போங்கன்னு சொன்னேன். அவரு உள்ளே இந்தச் சுவருக்குப் பின்னாலதான் உட்கார்ந்திருந்தாரு. குரல் கேட்டு எழுந்து நின்னாரு. வாயைத் திறக்கலை."

அம்மா இங்கே வந்தாள் என்பதே கியெமுக்குப் புதுச் செய்தி. அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. அவனுக்கு அந்தக் கிழவரின் கழுத்தைப் பிடிக்கவேண்டும் போலிருந்தது. ஆனால் இடம் அவருக்குத்தான் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு வண்டிக் கதவைத் திறந்துவிட்டான்.

அங்கிருந்து தெற்கே, ராஜாக்களின் சமாதிகளுக்குப் போகிற சாலையில் ஏறினார்கள். பெரியவர் இடது, வலது என்று மட்டும் சொன்னார். ஒரு பைன் குன்றின் அடியில் நிறுத்தச் சொன்னார். மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. துணிப்பையிலிருந்து ஊதுபத்தியும், ஒரு சிறு மண்கொத்தும், வெள்ளைத் துணியும் எடுத்தார். அந்தத் துணி எதற்கென்று கியெமுக்குத் தெரியும். எலும்பைச் சுற்றுகிற துணி.

பன்னிரண்டு பேரை ஒரே கயிற்றில் கட்டிக் கொண்டுவந்தோம் என்று நடந்துகொண்டே சொன்னார். குழி தோண்டியது தானும் இன்னும் இரண்டு பேரும். ஒரு சிற்றோடை, அதைத் தாண்டி ஒரு சாய்ந்த பாறை, பாறையிலிருந்து இருபது காலடி. ஐம்பத்தேழு வருடமாகத் தினமும் கனவில் நடக்கிற வழி, தப்பாது என்றார்.

ஓடை இல்லை. அது இருந்ததாகச் சொன்ன இடத்தில் சிமெண்டு வாய்க்கால் ஓடியது. பாறை இல்லை. எங்கு பார்த்தாலும் கல்லறைகள். டிராகன் வளைவு வைத்தவை, கண்ணாடிச் சில்லு பதித்தவை, பணக்கார வீட்டுச் சமாதிகள் மேட்டின் மேல் மேடாக ஏறிக்கிடந்தன. பெரியவர் இருபது காலடி வைத்து நின்றார். திரும்பி வந்தார். வேறு பக்கம் இருபது காலடி வைத்தார். தலைமுடியிலிருந்து மழை முகத்தில் வழிந்தது. நான்காவது தடவை கால் இடறி, யாருடைய கல்லறை மேலேயோ உட்கார்ந்துவிட்டார்.

"நல்லா யோசிங்க" என்றான் கியெம். அதட்டலாகத்தான் ஆரம்பித்தான், கெஞ்சலாக முடிந்தது. "எங்கம்மாவுக்கு நாள் இல்லை. ஒரு துண்டு எலும்பு போதும். யோசிங்க."

பெரியவர் குன்றை ஒரு சுற்று பார்த்தார். பிறகு அவனை நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் இருந்தது நடிப்பு இல்லை.

"நீதானே வழிகாட்டி" என்றார். "இந்த ஊர்ல எது எங்கே இருக்குன்னு உனக்குத் தெரியும்னு நினைச்சுத்தான் வந்தேன். பாறை எங்கேன்னு நீ சொல்லு."

கியெம் இந்தக் குன்றைத் தாண்டி வாரத்துக்கு நான்கு நாள் போகிறான். ராஜாவின் சமாதி வரப்போகிறது, காமிராவை எடுத்துக்கொள்ளுங்கள் என்று இந்த வளைவில்தான் பயணிகளிடம் சொல்வான். பெரியவர் மண்ணைக் கொத்த ஆரம்பித்தார், எந்த இடம் என்றில்லாமல், உட்கார்ந்த இடத்திலேயே. பாவ் ஓடிவந்து கொத்தைப் பிடுங்கினான்.

தன்னை அம்மாவிடம் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிப் பெரியவர் கேட்டார். காலில் விழவேண்டுமாம். கியெம் தள்ளிப்போய்ப் போன் செய்தான். ஒரு ஆள் வந்திருக்கிறார், பள்ளிக்கூட வாசலில் நின்றவர், உன்னிடம் பொய் சொன்னவர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். அப்பா அன்றைக்கு உள்ளேதான் இருந்தார் என்பதை மட்டும் சொல்லத் தயங்கினான். எண்பத்தொரு வயது இதயம், அதைத் தாங்காது என்று நினைத்தான்.

"அந்தப் பையன் பொய் சொல்றான்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றாள் அம்மா. "உள்ளே உங்கப்பா இருமினாரு. அவரு இருமல் எனக்குத் தெரியாதா? நான் கத்தியிருந்தா கதவைத் திறந்திருப்பாங்க, என்னையும் இழுத்துப் போட்டிருப்பாங்க. நீ இடுப்புல இருந்தே. அரிசியைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன். ஒன்பதாம் நாள் திதின்னு வச்சா, அங்கே போனதைச் சொல்லணும். அதான் ஆறுன்னு வச்சேன்."

கியெம் மழையில் நின்றான். இடம் தெரியவில்லை அம்மா என்று சொல்ல வாயெடுத்தான், வரவில்லை.

"அவன் என் கால்ல விழவேண்டாம்" என்றாள் அவள். "நான் யார் கால்ல போய் விழறது? எங்கே கிடக்கிறாருன்னு அவனை விட்டுடாம கேளு. இருட்டுறதுக்குள்ள கேளு."

திரும்பிப் பார்த்தான். பாவ் குடை பிடித்திருந்தான். பெரியவர் கல்லறைகளுக்கு நடுவே மறுபடியும் எழுந்து நின்று, பாறை இல்லாத இடத்திலிருந்து காலடிகளை எண்ணத் தொடங்கியிருந்தார். கியெம் போனைப் பையில் போட்டுக்கொண்டு, அவர் பின்னால் போய்த் தானும் எண்ணினான்.