இருபதாவது நிமிடத்தில் நிற்கும் விளையாட்டு

ஐந்தருவிக்குப் போகிற வழியில் இருக்கும் அந்த லாட்ஜுக்கு உசாமா போய்ச் சேர்ந்தபோது காலை பதினொரு மணி. சாரல் விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. சீசன் நேரம், ஓர் அறைகூடக் காலி இல்லை. மேனேஜர் குத்தாலிங்கம் அவனை நேராகக் கீழ்த்தளத்து விளையாட்டு அறைக்குக் கூட்டிப்போனார். பெரிய டிவி, அதன் கீழே ஒரு பழைய கேம் கன்சோல். போட்டு இருபது நிமிடம் ஆனால் படம் அப்படியே நின்றுவிடுகிறது என்றார். அணைத்துப் போட்டால் இன்னொரு இருபது நிமிடம், அவ்வளவுதான். விளையாட்டைச் செய்துகொடுத்தவரை மூன்று தடவை வரவழைத்தாயிற்றாம். முதல் தடவை வயரை மாற்றினாராம், அடுத்த தடவை மெமரி கார்டை மாற்றினாராம், மூன்றாம் தடவை சாரல் ஈரம் உள்ளே இறங்கிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

உசாமாவுக்குச் சிரிப்பு வந்தது. தென்காசியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். கடை பிழைப்புக்கு, கன்சோல் அவன் கிறுக்குக்கு. இந்தப் பெட்டிகளைத் தயாரிக்கும் கம்பெனி, தான் விற்கும் விளையாட்டைத் தவிர வேறு எதுவும் ஓடக் கூடாது என்று உள்ளே ஒரு பூட்டுப் போட்டுத்தான் அனுப்பும். அந்தப் பூட்டைத் திறந்துவிட்டால், வீட்டில் உட்கார்ந்து நாமே எழுதிய விளையாட்டையும் அதில் ஓட்டலாம். அப்படித் திறந்த பெட்டி மக்கர் பண்ணினால் பார்த்துக்கொடுக்க அந்த வட்டாரத்தில் உசாமாவை விட்டால் ஆள் இல்லை. யாரோ சொல்லித்தான் குத்தாலிங்கம் இவனைப் பிடித்திருந்தார். 'செல்போன் கடை பாய்' என்பதற்கு மேல் அவருக்கு இவன் பேர் தெரியாது.

டிவியைப் போட்டான். திரையில் பேரருவி விழுந்தது. கீழே குளிக்கிற கூட்டம். எண்ணெய்த் தலையோடு நடுவழியில் நின்று நியாயம் பேசும் ஒரு பெரியவர். தண்ணீர் திடீரென்று கூடும், சைரன் ஊதும், வெள்ளம் வந்து சேர்வதற்குள் அத்தனை பேரையும் வெளியே இழுத்துவிட வேண்டும். அந்தப் பெரியவர் மட்டும் கிளம்பவே மாட்டார். அடுத்து அவர் சோப்பைத் தேடுவார் என்பதும் உசாமாவுக்குத் தெரியும். தெரியாமல் என்ன? எழுதினவன் அவன்தானே.

இரண்டு வருஷத்து உழைப்பு. சைரன் சத்தத்தைப் பதிவு செய்வதற்காக மட்டும் நாலு நாள் அருவிக்கரையில் காத்துக் கிடந்தான். இன்னும் வெளியே விடவில்லை. இந்தச் சாரல் முடிவதற்குள் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டுவிடலாம் என்றிருந்தான். அதுவரைக்கும், எழுதிய லேப்டாப்பைத் தவிர, அது இருந்தது அவன் கடையில் ஒரே ஒரு பெட்டியில்தான்.

ஆட்டம் முடிந்ததும் திரையில் விளையாட்டின் பேருக்குக் கீழே 'உருவாக்கம்: விஜயசங்கர்' என்று வந்தது. அதற்குக் கீழே இன்னொரு பேர் வர வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

விஜயசங்கர் வேறு யாருமில்லை, ஆறாம் வகுப்பிலிருந்து கூடவே வருபவன். சீசனில் லாட்ஜுகளுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது அவன் தொழில். வெள்ளிக்கிழமை தோறும் உசாமா ஜும்மா தொழுகைக்குப் போகும்போது அவன்தான் வந்து கடையில் உட்காருவான். எட்டு வருஷமாக ஒரு வெள்ளிகூடத் தவறியதில்லை. விளையாட்டில் அவன் ஓர் எழுத்துக்கூட எழுதியதில்லை. ஆனாலும் பேர் போடும் நேரம் வந்தபோது உசாமா அவன் பேரைத்தான் முதலில் போட்டான், தன் பேரை இரண்டாவதாகப் போட்டுக்கொண்டான். அப்படி ஓர் இளிச்சவாயன்.

அப்போதும் உசாமாவின் மனம் நம்பவில்லை. விஜயசங்கர் யாருக்காவது காட்ட எடுத்து வந்திருப்பான், கோளாறில் ஏதோ அழிந்திருக்கும் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். மனுஷனைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் மெஷினைப் பார்த்துவிட வேண்டும். மெமரி கார்டைக் கழற்றி லேப்டாப்பில் சொருகினான். விளையாட்டு ஓடும்போது உள்ளே நடப்பதையெல்லாம் வரிவரியாக எழுதி வைக்க ஒரு கோப்பு வைத்திருந்தான், அதைத் திறந்தான். ஒரே வரிதான், நூற்றுக்கணக்கில், கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. 'உசாமா படம் கிடைக்கவில்லை.'

கோளாறு பிடிபட்டுவிட்டது. பேர்கள் இரண்டும் தனித்தனிப் படங்கள். ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் நிரல் அந்த இரண்டையும் தேடி எடுத்துக் காட்டும். ஒரு படத்தைக் காணோம் என்றால் அதற்காக ஒதுக்கிய இடத்தைத் திருப்பிக் கொடுக்காமல் அடுத்த ஆட்டத்தில் இன்னொரு இடத்தைப் பிடிக்கும். இருபது நிமிடத்தில் நினைவகம் நிறைந்து எல்லாம் நின்றுவிடும். அது உசாமா விட்ட பிழைதான். தன் பேரை ஒருவன் அழிப்பான் என்று அவன் யோசித்து எழுதவில்லை.

கார்டில் விளையாட்டை நகல் எடுத்த தேதியும் இருந்தது. மே மாதக் கடைசி வெள்ளி, மதியம் ஒன்று ஐந்து. அந்த வெள்ளி அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. மறுநாள் விஜயசங்கரின் அம்மாவுக்கு ஆபரேஷன். அதே நேரம் பள்ளிவாசலில் கையேந்தி அந்த அம்மாவுக்காகத்தான் துஆ கேட்டுக்கொண்டிருந்தான்.

செய்துகொடுத்தவருக்கு ஒரு போன் போடச் சொன்னான் குத்தாலிங்கத்திடம். உசாமா என்று ஒரு படம் உள்ளே இல்லை, அதனால்தான் நிற்கிறது, என்ன செய்யட்டும் என்று மட்டும் கேட்கச் சொன்னான். அவர் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார்.

"அதுவா அண்ணாச்சி," என்றது விஜயசங்கரின் குரல். "நம்மகிட்ட ரிப்பேர் பாக்குத பையன் ஒருத்தன், சும்மா தன் பேரையும் சேத்து வச்சிருந்தான். நாந்தான் தூக்கிட்டேன். வந்திருக்க ஆளை அதத் தேடுத லைனையே அழிச்சிரச் சொல்லுங்க."

உசாமா கையை நீட்டிப் போனை வாங்கினான்.

"அந்தப் பையன்தான் பேசுதேன்."

மாப்ள, மாப்ள என்று விஜயசங்கர் நாலைந்து தடவை கூப்பிட்டான். லாட்ஜ் முதலாளி சும்மா வாய் வார்த்தையாக, நீ செய்ததா என்று கேட்டாராம், இவன் வாயில் ஆமாம் என்று வந்துவிட்டதாம், அப்புறம் மாற்றிச் சொல்ல முடியவில்லையாம். சொல்லத்தான் இருந்தானாம்.

"ஒரு பேருதானே மாப்ள. சீசன் முடியட்டும், திருப்பிச் சேத்துக்கிடலாம். அதப் போயி பெருசு பண்ணாத."

உசாமா போனைக் குத்தாலிங்கத்திடம் கொடுத்துவிட்டான். திட்டுவதற்கு வாயில் வார்த்தை நிறைய இருந்தது. கண்தான் கலங்கியது. இருபது வருஷமாகத் தன்னைப் பற்றி விஜயசங்கர் இந்த ஊரில் எத்தனை பேரிடம் இப்படிச் சொல்லியிருப்பான் என்று நினைத்துப் பார்த்தான்.

இதைச் சரிசெய்ய இரண்டு வழி. தன் பேர்ப் படத்தை லேப்டாப்பிலிருந்து திரும்ப உள்ளே போடலாம். அல்லது விஜயசங்கர் சொன்னபடி அதைத் தேடும் வரியை அழிக்கலாம். எதைச் செய்தாலும் ஓடும், இரண்டு நிமிட வேலை. படத்தை நகல் எடுக்கப் போன கை பாதியில் நின்றது. அந்தப் பேருக்குக் கீழே தன் பேரை வைத்துப் பார்க்க அவனுக்குப் பிடிக்கவில்லை. வரியை அழித்தான். கார்டைத் திருப்பிச் சொருகி முக்கால் மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தான். சைரன் ஊதியது, வெள்ளம் வந்தது, விளையாட்டு ஒரு தடவைகூட நிற்கவில்லை.

குத்தாலிங்கத்துக்கு விஷயம் அரைகுறையாகப் புரிந்திருந்தது. அவன் முகத்தைப் பார்க்கத் தயங்கிக்கொண்டே வாசல் வரைக்கும் கூட வந்தார்.

"தம்பி, இனிமே எப்பமாவது நின்னுச்சுன்னா உங்களையே கூப்பிடட்டுமா?"

"செஞ்சவன் பேரு அதுலயே போட்டிருக்குல்லா அண்ணாச்சி," என்றான் உசாமா. "அவனையே கூப்பிடுங்க."