தூதனுக்கு ஒரு பிழை வேண்டும்

…சோதனையில் ஒரே ஒரு பிழை, சிவப்பில் ஒரு வரி வந்தால் போதும், தொழில்நுட்பக் காரணங்களால் நிராகரிக்கப்படுகிறது என்று கௌரவமாக எழுதிவிட்டு எழுந்து போய் டீ குடிக்கலாம், யார் மேலும் பழியில்லை, ஆனால் திரையில் ஓடுவதெல்லாம் பச்சை, மறுபடியும் பச்சை, இந்த மனுஷர் எழுதிய மென்பொருளில் ஒரு தப்புகூடவா இருக்காது? ஹாலில் மச்சானின் குரல், மெயில்னா வெறும் மெயில் இல்லம்மா, மனுஷனோட தன்மானம், என்று தன் தங்கையிடம் விளக்கிக்கொண்டிருக்கிறார், அவள் வாஷிங் மெஷினுக்குள் துணியைத் திணித்தபடி உம் கொட்டுகிறாள், இவனுக்கு மனைவியாக வாய்த்ததில் அவளுக்குக் கேட்கும் பொறுமை கொஞ்சம் கூடியிருக்கிறது… இவன் பிழைப்பு ஓர் ஆபீஸின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது, லீவு நாளில் செய்வது கட்டற்ற மென்பொருள் தொண்டு, அதாவது மெயிலை வாங்கி அனுப்பும் மென்பொருளான மெயில் சர்வரை, எவரோ எழுதிப்போட்டதை எடுத்து, தட்டிக்கொட்டி, யாரும் ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்ளும்படி பேக்கேஜாகக் கட்டித் தருவது, சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு. இந்தப் பேக்கேஜ்களைத் தொகுத்து வெளியிடும் தொண்டர் குழு, அடுத்த வெளியீட்டில் ஒரே ஒரு மெயில் சர்வர்தான் என்று முடிவெடுத்துவிட்டது, மதியம் முழுக்கச் சுதந்திரம் சுதந்திரம் என்று முழங்கிவிட்டு, அந்தத் தீர்மானத்தைப் பெரிய கம்பெனி ஒன்றின் இலவச மெயிலில் அனுப்பிவைத்தார்கள், அது வேறு விஷயம், எதை வைத்துக்கொள்வது என்று நீங்களே இன்றைக்குள் சொல்லிவிடுங்கள் என்றும் கடைசி வரியில் இருந்தது, முடிவெடுக்கத் துணியாதவர்கள் எப்போதும் நீங்களே என்றுதான் மரியாதை கொடுப்பார்கள்.

ஒரு பக்கம், ஊர் உலகமெல்லாம் ஓட்டுகிற பழைய சர்வர், பாதுகாப்பில் ஓட்டை கண்டுபிடித்தால் பொழுது சாய்வதற்குள் அடைக்க ஆள் இருக்கிறது. இன்னொரு பக்கம் மச்சானின் சர்வர், பேர் தூதன். இருந்த வேலையை விட்டுவிட்டு, பின்னறையில் உட்கார்ந்து ஒண்டியாக எழுதியது, கூடவே நீளமாய் ஒரு பிரகடனம், அடிமைத்தளை, அஞ்சல் விடுதலை, எல்லாம் உண்டு, நிறுவுவது எப்படி என்பது மட்டும் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி. நன்றாகத்தான் எழுதியிருக்கிறார், அதுதான் வம்பு. நாளைக்கு அவருக்குக் காய்ச்சல் வந்தால் ஓட்டையை யார் அடைப்பது? இதுதான் நிஜமான காரணம், இதை எப்படி எழுதுவது, ஆசிரியருக்குக் காய்ச்சல் வரக்கூடும் என்றா… பயன்படுத்துகிறவர்கள் என்று பார்த்தால் மச்சான், சோதித்துப் பார்க்க இவன், அப்புறம் இவன் மனைவி, அண்ணன் ஆசையாய்த் திறந்து கொடுத்த கணக்கு, அதிலிருந்து இவள் அனுப்புவதெல்லாம், ஊர் பேர் தெரியாத சர்வர் என்று, நேராக அடுத்தவர் குப்பைப் பெட்டிக்குப் போகிறது, நல்லா போகுதுண்ணா என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறாள். சற்று முன் இவனிடம் சொன்னாள், “வேலையை விட்டுட்டு உக்காந்திருக்காருங்க. நீங்களும் வேணாம்னுட்டா யாருகிட்ட போவாரு? அதுக்காகத் தப்பா எதுவும் செஞ்சிடாதீங்க.” இதற்குச் செய் என்றோ செய்யாதே என்றோ அதட்டியிருக்கலாம், இரண்டு கையையும் பின்னால் கட்டிவிட்டு ஓடு என்றால் எங்கே ஓடுவது…

பச்சை. கடைசிச் சோதனையும் தேறி, மெஷின் அப்பாவி போல அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கிறது. எப்போது வந்தாரோ, வாசற்படியில் மச்சான், பிரகடனக் குரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

“என்ன மாப்ள, எங்கயாவது உடைஞ்சுதா?”

“இல்ல மச்சான். எல்லாம் ஓடிடுச்சு.”

சிரிப்பார், தங்கையைக் கூப்பிட்டுக் காட்டுவார் என்று பார்த்தால், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். ஒரு எடத்துலகூடவா உடையல, என்று கேட்டார், நல்லாப் பாத்தீங்களா? பிறகு கட்டைவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டே, “வேணாம்னு தோணுச்சுன்னா எழுதிடுங்க மாப்ள, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்,” என்றார், தான் விட்டுவந்த பழைய ஆபீஸில் இன்னமும் ஆள் எடுக்கிறார்களாமே என்று, யாருக்கோ கேட்பது போல, அதையும் சேர்த்துச் சொன்னார்… இவன் விசைப்பலகையில் கை வைத்தபடி இருந்தான், இந்த மனுஷர் பெருந்தன்மை காட்டுகிறாரா, தன்னை இதிலிருந்து விடுவித்துவிடச் சொல்கிறாரா, அப்படிச் சொல்லத் தெரியாமல்தான் இத்தனை நாளும் இவ்வளவு சத்தமாய்ப் பேசிக்கொண்டிருந்தாரா…